மறவாத நாடா

பேராக் மாநிலத்தின் தென்கோடியில், பெர்ணம் ஆற்றங்கரையில் அமைந்த சிறு பட்டணம் ஹுத்தான் மெலிந்தாங். ஆற்றைக் கடந்தால் சிலாங்கூர் மாநிலம். ஒருகாலத்தில் ரப்பரும் தென்னையும் நின்ற நிலங்களில் இன்று பெரும்பாலும் செம்பனையே நிற்கிறது. பால்மரங்களோடு அங்கே வாழ்ந்த ஒலிகள் பலவும் போய்விட்டன. விடியுமுன் ஒலித்த பெரட்டு மணி, லயத்துக் குழந்தைகளின் அழுகை, மாரியம்மன் திருவிழாவின் உறுமி முழக்கம் ஆகியவற்றை நினைவில் வைத்திருப்போர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

இவ்வூரில் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணியார் ஒருவருக்கும், ஈப்போவில் பணிபுரியும் அவருடைய தமக்கை மகனுக்கும் நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. நிலத்திற்காகவோ நகைக்காகவோ எழுந்த வழக்கன்று அது. ஓர் இசைக்குழுவின் பழைய கச்சேரிப் பதிவுகளைப் பற்றியது. வேலையற்றவர்களின் வீண்பேச்சு என்று அக்கம்பக்கத்தார் சிரிப்பதுண்டு. ஆயினும் அவ்வழக்கின் அடியில் ஓர் அறவினா மறைந்திருந்தது. அதனை அவ்விருவருமே காலந்தாழ்த்தித்தான் கண்டுகொண்டனர்.

அவர்கள் பேசிய இசைக்குழு ‘சக்தி’. ஆங்கிலேயக் கித்தார்க் கலைஞர் ஜான் மெக்லாக்லின், வயலின் கலைஞர் எல். சங்கர், தபேலாக் கலைஞர் ஜாகிர் உசேன், கடம் வாசித்த விக்கு விநாயகராம் ஆகியோர் 1970களின் நடுவில் கூடி அமைத்த குழு அது. ஜாஸ் இசையும் இந்திய இசையும் ஒரே மேடையில் தரையில் அமர்ந்து உரையாடின. தமிழர்க்கு அதில் தனி உரிமை உண்டு என்பார் கிராணியார். சங்கர் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். அவருடைய தந்தையார் இலட்சுமிநாராயணா அங்கே இசை கற்பித்தவர். 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் அக்குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. விநாயகராமோ மண்பானை ஒன்றை உலக மேடையில் முதன்மை இசைக்கருவியாக்கிக் காட்டியவர். மெக்லாக்லினும் வந்த இடத்தின் வழக்கத்திற்கு வளைந்து கொடுத்தார். கமகத்திற்காக வீணையில் தந்தியை இழுப்பதுபோல் கித்தாரிலும் இழுக்க வேண்டும் என்பதற்காக, மெட்டுகளுக்கு இடையிலுள்ள மரத்தைக் குழிவாகச் செதுக்கிய கித்தார் ஒன்றைத் தமக்கெனச் செய்வித்துக்கொண்டார்.

அக்குழுவின் முதல் இசைத்தட்டே ஒரு கச்சேரிப் பதிவுதான். 1975ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள், நியூயார்க் மாநிலத்து லாங் தீவிலுள்ள சௌத்தாம்ப்டன் கல்லூரியில் நிகழ்ந்தது அக்கச்சேரி. அன்று இராமநாதபுரம் இராகவன் மிருதங்கத்தோடு உடனிருந்தார். மறு ஆண்டு வெளிவந்த தட்டில் உருப்படிகள் மூன்றே. அவற்றுள் ஒன்று அரைமணி நேரத்தை நெருங்குவது. 1977இல் வந்த மூன்றாவது தட்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவானது. அதில் உருப்படிகள் சிறியவை, செப்பமானவை. கிராணியார் முதல் தட்டின் பக்கம். மருமகன் மூன்றாவதன் பக்கம்.

“நீ கேட்பது இழைத்து மெருகேற்றிய மரம், தம்பி, நான் கேட்பது நிற்கும் மரம்” என்பார் மாமன். “நிற்கும் மரத்தில் உட்கார முடியாது, மாமா” என்பான் மருமகன். இவ்வாறு தொடங்கும் பேச்சு இரவு உணவு ஆறிப்போகும்வரை நீளும்.

இருவரும் எடுத்துக்காட்டும் சான்று பெரும்பாலும் ஒன்றே. சக்திக்கு முன்பு மெக்லாக்லின் நடத்திய குழு ‘மகாவிஷ்ணு’. மின்கித்தாரும் பேரோசை முரசும் கொண்ட குழு. 1973ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அக்குழுவினர் இலண்டன் டிரைடன்ட் கூடத்தில் ஆறு உருப்படிகளைப் பதிவு செய்தனர். குழுவினரிடையே கருத்து வேறுபாடு முற்றி, அப்பதிவு வெளிவராமல் நின்றுபோயிற்று. அதற்கு ஈடாக, அவ்வாண்டு ஆகஸ்டில் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் அவர்கள் நிகழ்த்திய கச்சேரியின் பதிவு வெளியிடப்பட்டது. அந்த ஆறனுள் மூன்று உருப்படிகள் அதில் இடம்பெற்றன. ஆண்டு முடிவதற்குள் அந்தக் குழுவே கலைந்தது. கூடத்து நாடாக்கள் நிறுவனக் கிடங்கில் உறங்கின. பின்னர் அவை கண்டெடுக்கப்பட்டு, 1999இல், அதாவது 26 ஆண்டுகள் கழித்து, தட்டாக வெளிவந்தன. 2011இல் அதே பூங்காக் கச்சேரியின் வெளிவராத பகுதிகளும் ஒரு பெருந்தொகுப்பில் இடம்பெற்றன. அன்றுமுதல் சுவைஞர்களிடையே வழக்கு மூண்டது. எது உண்மையான பாட்டு? கூடத்தில் அமைதியாகப் பதிவானதா, பூங்காவில் திறந்த வானத்தின்கீழ் முழங்கியதா? படைத்தவர்கள் ஒருமுறை வேண்டாமென்று ஒதுக்கியதைப் பிறர் எடுத்துக் கேட்பது முறையா?

இந்தக் கடைசி வினா முன்னைய வினாவினும் ஆழமானது. முன்னது சுவை பற்றியது. சுவையில் அவரவர்க்கு ஆட்சி உண்டு. பின்னது உரிமை பற்றியது.

மருமகன் கித்தார் வாசிப்பவன். திருமண விருந்துகளில் மேடையேறிப் பழகியவன். விரல் தவறும் கணத்தில் உடல் முழுதும் பரவும் வெப்பத்தை அறிந்தவன். ஆகவே அவன் கலைஞன் பக்கம் நின்று பேசினான். ஒருவன் தன் பெயரால் உலவ வேண்டியது எது, வேண்டாதது எது என்று தீர்மானிக்கும் உரிமை அவனுக்கே உண்டு. கிழித்தெறிந்த தாளைக் குப்பையிலிருந்து பொறுக்கி அச்சிடுவது அன்பாகாது என்றான். கிராணியார் வாழ்நாள் முழுதும் கேட்பவராகவே இருந்தவர். வானொலி முன் அமர்ந்தும், திருவிழாக் கூட்டத்தில் நின்றும் கேட்டவர். நிகழ்ந்தது நிகழ்ந்ததுதான், அதில் ஒரு தும்மலைக்கூட நீக்குவதற்கு யாருக்கும் உரிமையில்லை என்பது அவர் கட்சி. சுருதி சேர்க்கும் ஓசையும் கைதட்டலும் கூடப் பாட்டின் பகுதியே என்பார்.

இவ்விரு கட்சிகளும் உலகிற்குப் புதியன அல்ல. கனடா நாட்டுப் பியானோ மேதை கிளென் கூல்டு 1964இல் கச்சேரி மேடையையே துறந்துவிட்டார். பல பதிவுகளிலிருந்து நல்ல பகுதிகளை வெட்டி ஒட்டி ஒரு முழுமையை ஆக்குவதில் பொய்யேதும் இல்லை என்பது அவர் கொள்கை. ருமேனியாவில் பிறந்து மியூனிக் நகரத்தில் புகழோடு வாழ்ந்த இசை நடத்துநர் செலிபிடாக்கேயோ ஒலிப்பதிவையே வெறுத்தார். அந்த அரங்கில், அந்த நேரத்தில், அந்த மக்களிடையே எழும் இசையை வேறிடத்திற்குக் கொண்டுபோக இயலாது என்றார். 1996இல் அவர் மறைந்தார். பின்னர் அவருடைய கச்சேரிப் பதிவுகள் குடும்பத்தாரின் இசைவோடு வரிசையாக வெளிவந்தன. வாழ்ந்தபோது அவர் மறுத்ததை அவர் இறப்பு வழங்கிற்று. கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள். அம்மகிழ்ச்சியில் ஒரு முள் இல்லை என்று யார் சொல்லவல்லார்?

நம் மரபில் இவ்வினா வேறொரு வடிவில் முன்னமே எழுந்திருக்கிறது. தேவார ஏடுகளைத் தேடிய கதையைச் சைவர் வீடுகளில் சிறுவரும் அறிவர். இராசராசன் என்று பலரும் கருதும் சோழ மன்னன் நம்பியாண்டார் நம்பியோடு தில்லை சென்று, பூட்டியிருந்த அறையைத் திறப்பிக்கிறான். ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருக்கிறது. எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கிப் பார்த்தால், பெரும்பகுதி அரிபட்டுப் போயிருக்கிறது. மன்னன் வருந்துகிறான். அப்போது, இக்காலத்திற்கு வேண்டுவன மட்டும் எஞ்சின என்று வானிலிருந்து ஒரு குரல் ஆறுதல் கூறியதாகப் புராணம் சொல்கிறது. அதோடு கதை முடியவில்லை. எழுத்து கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. அதற்காகத் திருஎருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிச் சென்றார்கள். பண் ஏட்டில் இல்லை. ஓர் உயிரின் தொண்டையில் இருந்தது.

கறையான் தின்றதற்கு வருந்துவதா, எஞ்சியதே போதும் என்று அமைவதா? மன்னனுடைய வருத்தத்தைப் புராணம் மறைக்கவில்லை என்பது எண்ணத்தக்கது. தெய்வக்குரலே ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது என்றால், அந்த இழப்பு சிறிதன்று.

இழப்பின் அளவை அறிய, இசையின் இயல்பை நோக்க வேண்டும். பாடலாசிரியன் எழுதிவைத்ததை அப்படியே பாடும் இசையாயின், ஓர் இரவுக் கச்சேரி மறைந்தாலும் பாட்டு மறையாது. ஏடு இருக்கும், மறுநாள் மற்றொருவர் பாடுவார். கருநாடக இசையின் ஆலாபனையும் ஜாஸ் இசையின் தனி வாசிப்பும் அத்தகையன அல்ல. மனோதர்மத்தில் பாடுவோனும் பாட்டும் ஒரே கணத்தில் பிறக்கின்றனர். அந்தக் கணம் போனால் நகல் என்று ஒன்று எங்கும் இல்லை. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்தார். அவர் தோடியைக் கோயில் வீதிகளில் இரவு முழுதும் கேட்டவர்கள் இருந்தார்கள். இன்று நமக்கு எஞ்சியிருப்பது என்ன? பக்கத்திற்கு மூன்றரை நிமிடமளவே கொள்ளும் அக்கால இசைத்தட்டுகளும், ஒருசில நீண்ட பதிவுகளும்தான். பாரதியார் தம் பாடல்கள் பலவற்றிற்கு இராகமும் தாளமும் குறித்துவைத்தார். ஆனால் 1921இல் மறைந்த அக்கவிஞர் அவற்றை எப்படிப் பாடினார் என்பதைச் சொல்ல ஒரு தட்டும் இல்லை. அப்பெரியோரின் ஓர் இரவுப் பதிவு எங்கேனும் ஒரு பெட்டியில் கிடைத்தால், அதில் பிசிறு தட்டியதற்காக அதை எரித்துவிடலாம் என்று கூற எவர்க்கு மனம் வரும்?

இதுவரை கிராணியாரின் கட்சியே வலிமை உடையதாகத் தோன்றுகிறது. ஆயினும் அவர் எண்ணிப் பாராத ஒன்று உண்டு.

கச்சேரியில் ஒரு தவறு நேர்கிறது. கணக்கு பிசகி, பாடகர் எடுப்புக்கு அரைத்தட்டு முந்தி வந்துவிடுகிறார் எனக் கொள்வோம். மிருதங்கக்காரர் சட்டென்று ஒரு சொல்லைச் சேர்த்து அந்த இடைவெளியை மூடிவிடுகிறார். முன்வரிசையில் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றனர். அடுத்த கீர்த்தனை தொடங்கியதும் எல்லாரும் அதை மறந்துபோகின்றனர். மறத்தல் என்பது கேட்போர் பாடுவோர்க்கு வழங்கும் கொடை, கேளாமலே வழங்குவது. மனித வாழ்வு நடப்பதே இத்தகைய மறதிகளால்தான். சினத்தில் சொன்ன சொல்லையும், பந்தியில் நேர்ந்த பிழையையும், மணமேடையில் தடுக்கி விழுந்ததையும் ஊர் மறந்துவிடுவதால்தான் மறுநாள் தலைநிமிர்ந்து தெருவில் நடக்க முடிகிறது.

நாடாவுக்கு இந்தக் கொடை வழங்கத் தெரியாது. அரைத்தட்டுப் பிசகு அதில் நாற்பதாம் முறையும் முதல் முறைபோலவே ஒலிக்கும். அன்றிரவு அரங்கில் இல்லாத ஒருவன், அந்தக் கலைஞர் பிறந்த ஊரையும் அறியாத ஒருவன், ஓட்டியும் திருப்பியும் கேட்டு, இதோ இங்கே தவறினார் என்று விரல் நீட்டலாம். தவறு ஒரு கணத்தில் நிகழ்ந்தது, தண்டனைக்கு முடிவில்லை. குற்றத்தினும் பெரிய தண்டனை அறமாகுமா? செலிபிடாக்கே கூறிய காரணம் வேறாயினும், அவருடைய மறுப்பில் இந்நியாயமும் அடங்கும் எனலாம்.

மற்றொரு தீங்கும் உண்டு; அது சற்று நுட்பமானது. பிழையில்லாத பதிவும் கலைஞனைச் சிறைப்படுத்தும். ஓர் இரவு அவன் மனம் போன போக்கில் வாசித்த சுவரங்களை மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். மறு ஆண்டு அவனே வேறுவிதமாக வாசித்தால், தட்டில் உள்ளதுபோல் இல்லையே என்று குறைபட்டுக்கொள்கின்றனர். தன் பழைய நிழலோடு போட்டியிடும் நிலை ஒரு கலைஞனுக்கு வாய்ப்பது இரங்கத்தக்கது. சக்தி குழு 1990களின் இறுதியில் புதிய கலைஞர்களோடு மீண்டும் கூடிற்று. 2023இல் புதிய தட்டு வெளியிட்டு, 2024 பிப்ரவரியில் கிராமி விருதும் பெற்றது. ஆயினும், 1975போல் வருமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுள் ஒருவர் ஹுத்தான் மெலிந்தாங்கில் இருந்தார் என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். அவ்வாண்டு டிசம்பர் 15ஆம் நாள் ஜாகிர் உசேன் மறைந்த செய்தி வந்தபோது கிராணியார் அந்தப் பழைய தட்டை எடுத்துவைத்தார். மருமகன் ஈப்போவிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். அன்று வழக்கு எழவில்லை. எந்தத் தட்டு என்றும் அவன் கேட்கவில்லை.

இனி, அவ்வழக்கு வீட்டுக்குள் வந்த கதை.

கிராணியாரிடம் நூற்றுக்கு மேற்பட்ட ஒலிநாடாப் பேழைகள் இருந்தன. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய அந்தச் சிறு பேழைகள் பத்து ஆண்டுகளில் தோட்டப்புறம்வரை வந்துவிட்டன. அதற்குமுன் பதிவு செய்வது வானொலி நிலையங்களுக்கும் இசைத்தட்டு நிறுவனங்களுக்கும் பெரும்பாலும் உரிய வேலையாக இருந்தது. அதன்பின், பொத்தானை அமுக்கத் தெரிந்த எவரும் ஓர் இரவைப் பிடித்துவைக்கலாம் என்றாயிற்று. கிராணியாரும் தோட்டத்துத் திருவிழாக்களில் பெட்டியோடு முன்வரிசையில் அமர்ந்து பதிவு செய்தார். இந்நாட்டு ஈரக்காற்றில் நாடாக்களின்மேல் வெண்பூஞ்சை படர்ந்துவிடும். மருமகன் விடுமுறைகளில் வந்து, கெடாதிருப்பவற்றைத் துடைத்துக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தான். அவ்வாறு ஏற்றியபோது ஒரு நாடா கிடைத்தது. மாரியம்மன் திருவிழா இரவு. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தொழிலாளி ஒருவர் பாடுகிறார். நல்ல குரல், பயிற்சியால் வந்ததன்று, பிறவியிலேயே வந்தது. அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்சப் பாடுவார் இல்லை என்று பெயர் பெற்றவர். அன்று அவர் சம்சு குடித்திருந்தார். பாட்டின் நடுவில் வரி மறந்துபோகிறது. தொடக்கத்திற்குத் திரும்பிப் பாடுகிறார். அதே இடத்தில் மீண்டும் நிற்கிறார். கூட்டத்தில் சிரிப்பு எழுகிறது. அவர் விசும்புவது ஒலிபெருக்கியில் கேட்கிறது. சிறிது நேரம் உறுமி மட்டும். பிறகு பின்னாலிருந்து ஒரு கிழவியின் குரல் விட்டுப்போன வரியை எடுத்துக்கொடுக்கிறது. இன்னொரு குரல் சேர்கிறது. பின்னர் கூட்டமே பாடுகிறது. கடைசியில் அவருடைய குரலும் அதனுள் எழுந்து, எல்லாவற்றுக்கும் மேலே போகிறது.

கேட்ட மருமகன் நெடுநேரம் பேசவில்லை. இதை எல்லாரும் கேட்க வேண்டும் என்றான். கலைஞன் ஒதுக்கியதைத் தொடக்கூடாது என்று வாதிட்ட அதே மருமகன்தான். கிராணியாருக்கு அது வெற்றியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தத் தொழிலாளியின் மகள் அவ்வூரிலேயே இருந்தார். அவரைக் கேளாமல் செய்வது முறையன்று என்று அவரை வரவழைத்தார்கள்.

அந்த அம்மையார் பாட்டுத் தொடங்கியதும் கண்கலங்கினார். தந்தையார் குரலைக் கேட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. சிரிப்பொலி எழுந்த இடத்தில் கைகாட்டி நிறுத்தச் சொன்னார். மேற்கொண்டு கேட்க மறுத்துவிட்டார்.

“ஐயா, எங்கப்பா பாடாத கோயில் இல்ல. நீங்க வச்சிருக்கிறது இந்த ஒரு ராத்திரிதானா?” என்றார். சற்றுப் பொறுத்து, “அழிச்சிடுங்க” என்றார்.

இங்கேதான் கொள்கைகள் தடுமாறுகின்றன. கிராணியார் கேட்டது கூட்டம் ஒரு மனிதனைத் தூக்கி நிறுத்தியதை. மகள் கேட்டது கூட்டம் தன் தந்தையைப் பார்த்துச் சிரித்ததை. இரண்டும் அந்த நாடாவில் உள்ளன. மறுநாள் காலை அத்தொழிலாளி வாளியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். தோட்டம் அதை மறந்திருந்தது. நாடாவே நாற்பது ஆண்டுகள் மறவாமல் வைத்திருந்து அவர் மகளிடம் கொண்டுவந்து சேர்த்தது. பாடியவர் இல்லை, அவரைக் கேட்கவும் வழியில்லை. மெக்லாக்லின் குழுவினர் ஒதுக்கிய நாடாவுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. அவர்களுக்கு வேறு தட்டுகள் பல இருந்தன. ஒன்று குறைந்தாலும் கூடினாலும் அவர்களை அறிய உலகிற்கு வழியிருந்தது. இவரை அறிய இருப்பது இந்த ஒன்றுதான். இதை அழித்தால் அவர் பாடினார் என்பதற்கே சான்றில்லை. இதைப் பரப்பினால் அவர் குடித்துவிட்டு அழுதார் என்பதே சான்றாக நிற்கும். ஒருவரைப் பற்றி எஞ்சியது மிகக் குறைவாயின், அதைக் கையாள்வோரின் பொறுப்பு மிகப் பெரிதாகிறது.

அழிப்பதற்கு மகளுக்கும் உரிமை இல்லை என்றே கூறத் தோன்றுகிறது. அந்த இரவில் பாடியவர் ஒருவரல்லர். வரி எடுத்துக்கொடுத்த கிழவிக்கும் அதில் பங்குண்டு. ஆனால் ஊரறியப் பரப்புவதற்குப் பதிவு செய்தவருக்கும் உரிமை இல்லை. வைத்திருத்தல் வேறு, பரப்புதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியதே மாமனும் மருமகனும் செய்த பிழை. கேட்க நேர்ந்தவனுக்கும் ஒரு கடமை உண்டு. அரங்கில் இருந்தோர்க்கு மறதி தானாக வந்தது. பின்னாளில் நாடாவைக் கேட்பவன் அதை முயன்று வருவித்துக்கொள்ள வேண்டும். சிரிப்பைக் கேட்டபின்னும் பாட்டைக் கேட்கப் பழக வேண்டும். அது எளிதன்று, சொந்த மகளுக்கே எளிதாக இல்லை.

கிராணியார் அழிக்கவில்லை. “அம்மா, இது உங்கள் வீட்டில் இருக்கட்டும். நகல் எதுவும் எங்களிடம் வேண்டாம்” என்று சொல்லி, கணினியில் ஏற்றியதை மருமகனைக் கொண்டு அவர் கண்முன்னே நீக்கச் செய்து, பேழையை ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தார். மருமகன் வாசல்வரை உடன்சென்று, நிறுத்திய இடத்திற்கு அப்பால் இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது என்பதை மட்டும் சொன்னான். அவர் பதிலேதும் சொல்லாமல் பேழையை வாங்கிக்கொண்டு போனார்.

அவர் வீட்டில் அந்த நாடாவை ஓட்டும் கருவி இல்லை. கிராணியார் தம்மிடமிருந்த இரண்டனுள் ஒன்றைத் துடைத்து, புதிய மின்கலங்கள் இட்டு, முன்கூடத்து மேசையில் வைத்திருக்கிறார். இன்னும் யாரும் வந்து கேட்கவில்லை.